கடைசி வீட்டுக் குழாய் வரை: ஊராட்சிக் குடிநீரைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்க ஒரு முழு வழிகாட்டி

கிராம ஊராட்சிகளில் தண்ணீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் மோட்டாரோடு முடிந்துவிடும். மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிறைந்ததா, தண்ணீர் விட்டாயிற்றா, அவ்வளவுதான். தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு மறியல் நடக்கும். வருகிற தண்ணீர் கெட்டிருந்தால் மறியல் எதுவும் நடக்காது. நாலு வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும், "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று சொல்லி அவரவர் மருந்து வாங்கிக்கொள்வார்கள்.

இது ஊராட்சித் தலைவர், செயலர், தொட்டி ஆபரேட்டர், தண்ணீர்க் குழு உறுப்பினர் ஆகியோருக்காக எழுதியது. ஓர் ஆழ்துளைக் கிணறு (போர்), ஒரு மேல்நிலைத் தொட்டி, நாலைந்து தெருவுக்குக் குழாய் என்ற அமைப்பை மனதில் வைத்திருக்கிறேன். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வரும் ஊருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாம் எதற்குக் கட்டுப்பட்டவர்கள்

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். பாதுகாக்கப்பட்ட குடிநீர் வழங்குவது கிராம ஊராட்சியின் கடமை என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்கிறது. தரத்துக்கான அளவுகோல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500. இப்போது நடைமுறையில் இருப்பது 2012-ல் திருத்தி வெளியிட்ட பதிப்பும் அதன் பின்னால் வந்த திருத்தங்களும். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தர 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று சொல்லும்போது, இந்தத் தரத்துக்கு உட்பட்ட 55 லிட்டரைத்தான் சொல்கிறது.

அந்தத் தரநிலையில் பல பக்கங்களுக்கு அட்டவணைகள் உண்டு. நம் மாதிரி ஊருக்குச் சில எண்கள் மனப்பாடமாக இருந்தால் போதும். 100 மி.லி. தண்ணீரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கலங்கல் 1 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு), வேறு வழியில்லாவிட்டால் 5 வரை. கரைந்த உப்புகள், அதாவது எல்லாரும் சொல்லும் டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மி.கி.; மாற்று ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி., அதிகபட்சம் 1.5. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி., இதில் தளர்வே கிடையாது. குளோரின், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. மிச்சம் இருக்க வேண்டும்.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். "தண்ணீர் பிடிக்கும் இடத்தில்." தொட்டிக்குக் கீழே இருக்கும் முதல் குழாயில் 0.2 காட்டுவது பெரிய காரியமில்லை. மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் காட்ட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வீட்டைச் சுற்றித்தான் போகிறது.

முதல் வேலை: ஒரு நடை

கருவி, ஆய்வகம் எல்லாம் அப்புறம். ஒரு நாள் காலையில் தண்ணீர் விடும் நேரத்தில், ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு போரில் தொடங்கிக் கடைசிக் குழாய் வரை நடந்துபாருங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா.

போர் இருக்கும் இடத்தில் கேசிங் குழாய் (போருக்குள் இறக்கிய வெளிக்குழாய்) தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மழைத் தண்ணீர் தேங்கினால் மூழ்குமா, சுற்றிலும் சிமெண்ட் மேடை விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 15 மீட்டருக்குள் கழிப்பறைக் குழி, மாட்டுத் தொழுவம், குப்பைக் குழி இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். தனிநபர் கழிப்பறைகள் வேகமாகக் கட்டப்பட்ட ஊர்களில் போருக்குப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழி வந்திருப்பதைப் பார்க்கலாம். போர் முதலில் வந்தது, கழிப்பறை பின்னால் வந்தது. இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

தொட்டியில் ஏணி ஏறிப் பாருங்கள், அல்லது ஏறத் தெரிந்தவரை விட்டுப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா? காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் வலை கட்டியிருக்கிறதா? வலை இல்லாத குழாய் வழியாக அணில், பல்லி, ஓணான் எல்லாம் உள்ளே போகும்; கொசுவும் போகும். ஏணியின் அடிப்பகுதியில் பூட்டுப் போட்ட கதவு கட்டாயம் வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடியிருப்புக்கான தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது, அதுவும் குழந்தைகள் நோய்வாய்ப்பட்ட பிறகுதான். ஒரு பூட்டு கெட்ட எண்ணத்தை நிறுத்தாது, தெரியும். ஆனாலும் பூட்டுங்கள். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள்.

பிறகு தெருக்கள். கசியும் வால்வு, சாக்கடைக்குள்ளேயே போகும் குழாய், தரைமட்டத்துக்குக் கீழே குழி தோண்டி வைத்த குழாய், நேராகக் குழாயில் மாட்டிய மோட்டார், ஒன்றையும் விடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் கையாலேயே ஊர் வரைபடம் போட்டு எல்லாவற்றையும் குறித்துவிட்டால், ஒரு வருடத்துக்கான வேலைப் பட்டியல் கையில் இருக்கும்.

தொட்டி கழுவுவது

தமிழ்நாட்டில் மாதம் இரண்டு முறை, 5, 20 தேதிகளில் கழுவுவது வழக்கம். தொட்டியின் காலில் கழுவிய நாள், அடுத்துக் கழுவும் நாள் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். தேதி மட்டும் மாறிக்கொண்டே வருவதும் உள்ளே வண்டல் அப்படியே கிடப்பதும் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

முறைப்படி செய்தால்: முந்தைய நாளே தெருவுக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீரைத் தெருவுக்கு விட்டுத் தீர்த்து, அடியில் ஓர் அடி மிச்சம் இருக்கும்போது வினியோக வால்வை மூடிவிட்டுக் கழிவு வால்வைத் திறக்க வேண்டும். அந்தக் கடைசி ஓர் அடியில்தான் வண்டல் முழுக்க இருக்கும். அதைத் தெருக் குழாய்க்குள் தள்ளிவிட்டால் கழுவியதற்குப் பலனே இல்லை. மூடியைத் திறந்து காற்று உலவ விட்ட பிறகே ஆள் இறங்க வேண்டும். மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெளியேற்றியதும், 10 லிட்டர் வாளிக்கு 8 முதல் 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த தெளிந்த கரைசலைச் சுவர் முழுக்கப் பூசி அரை மணி நேரம் விடுங்கள். பூசும்போது மூடி திறந்தே இருக்கட்டும், பூசி முடித்த கையோடு ஆள் வெளியே வந்துவிடட்டும். பிறகு ஒருமுறை அலசி அதையும் கழிவு வால்வு வழியாகவே விட வேண்டும். சாக்கடை அள்ளும்போது போட்ட அதே செருப்போடு இறங்காமலிருக்க, தொட்டிக்கென்று தனி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பல ஊர்களில் இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் செய்கிறார். அது அவர் குற்றமில்லை.

குளோரின்: இங்கே கொஞ்சம் நிதானம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பிளீச்சிங் பவுடர் புதிதாக வரும்போது அதில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து பம்பு ரூமில் திறந்தே போட்டுவைத்தால் ஈரமும் வெயிலும் பட்டு அது இறங்கிக்கொண்டே போகும். கட்டி தட்டி, வாசனை போய், வெறும் சுண்ணாம்பாகிவிட்ட பவுடரை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்த ஊரை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் எல்லா நாளும் டிக் இருந்தது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, நிழலான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும் அறையில் வேண்டாம். அதன் ஆவி செம்பையும் இரும்பையும் அரித்துவிடும். ஆசிட்டைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் விஷ வாயு வரும்.

எவ்வளவு போடுவது? கணக்கு எளிது. தண்ணீரின் அளவை லிட்டரில் எடுத்துக்கொண்டு, லிட்டருக்கு எத்தனை மி.கி. குளோரின் வேண்டுமோ அதனால் பெருக்கி, பவுடரின் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை கிராமில் வரும். 60,000 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 2 மி.கி., பவுடர் 25 சதவீதம் என்றால் 1,20,000-ஐ 250-ஆல் வகுக்க 480 கிராம். அதே கணக்கில் 30,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். கைப்பிடி அளவெல்லாம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குவளையை மளிகைக் கடைத் தராசில் ஒரே ஒருமுறை நிறுத்து, உங்கள் தொட்டிக்கான அளவுக்கு மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். அப்புறம் யார் வந்து போட்டாலும் அளவு மாறாது.

ஆனால் லிட்டருக்கு 2 மி.கி. என்ற எண் உங்கள் ஊர்த் தண்ணீருக்குச் சரியா? தண்ணீரில் உள்ள இரும்பும் அழுக்கும் முதலில் குளோரினைத் தின்றுவிடும், மிச்சம்தான் கிருமிக்கு. அந்தப் பசி ஊருக்கு ஊர் வேறு. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. 25 சதவீதப் பவுடர் 40 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டால் அது ஒரு சதவீதக் கரைசல். நாலு 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகளில் போர்த் தண்ணீரைப் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் 1, 2, 4, 6 மி.லி. என்று ஒவ்வொன்றிலும் விடுங்கள். அது முறையே லிட்டருக்கு 0.5, 1, 2, 3 மி.கி. ஆகும். நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் கழித்து, மிச்சக் குளோரினை நிறத்தால் காட்டும் சின்னக் கருவியான குளோரோஸ்கோப்பில் பாருங்கள். எந்த வாளியில் 0.5 மி.கி. அளவுக்கு மிச்சம் இருக்கிறதோ, அதன் அளவுதான் உங்கள் ஊருக்கான தொடக்க அளவு. குழாய் நீளமான ஊரில் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். மழைக்காலம் தொடங்கும்போதும், தண்ணீர் ஆதாரம் மாறும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

போடும் விதமும் முக்கியம். தொட்டி நிறைந்த பிறகு மேலே ஏறிப் பவுடரை அப்படியே தூவிவிட்டு இறங்குவது பரவலான பழக்கம். அது கலக்காது. முதல் தெருவுக்கு மூக்கைத் துளைக்கும் வாசனை, கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை. பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். தொட்டி கால்வாசி நிறைந்திருக்கும்போது ஊற்றுங்கள். மேலிருந்து விழும் தண்ணீரே கலக்கிவிடும். நிறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைச் சாக்கடையில் கொட்டலாம், வீணில்லை.

புகார் வரும். "தண்ணி பிளீச்சிங் நாத்தம் அடிக்குது, காபியே குடிக்க முடியலை" என்று யாராவது தலைவரிடம் சொல்வார், தலைவர் ஆபரேட்டரிடம் சொல்வார், மறுநாள் முதல் அளவு பாதியாகும். அந்தச் சங்கிலியை உடைக்க ஒரே வழி, கடைசி வீட்டுக் குழாயில் எடுத்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. அங்கே 0.2 இருந்து முதல் தெருவில் 1-ஐத் தாண்டினால் புகார் நியாயமானது, கலக்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள். முதல் தெருவிலேயே 0.5 தான் என்றால், குடத்தில் பிடித்து மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தால் வாசனை போய்விடும் என்று சொல்லிவிட்டு அளவைத் தொடாதீர்கள்.

குளோரோஸ்கோப்பில் ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசல் விட்டால் மஞ்சள் நிறம் வரும். விட்ட உடனே பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வேறு வகைக் குளோரினும் சேர்ந்து நிறம் ஏறி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். கரைசலின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் படாமல் பயன்படுத்துங்கள்.

குழாய்க்குள் சாக்கடை எப்படி நுழைகிறது

24 மணி நேரமும் தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். நம் ஊர்களில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு நிறுத்துகிறோம். நிறுத்தியதும் குழாய் காலியாகி, அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கியிருப்பதை உள்ளே இழுக்கும். அழுத்தம் குறைவு என்று குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்திய வீட்டில், குழியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கியிருக்கும். குழாய் வாய் அதில் மூழ்கியிருக்கும். மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற வீடோ, தெரு முழுக்க இருக்கும் ஓட்டைகளிலிருந்து இழுத்துக்கொடுக்கிறது.

குழிகளை மூடச் சொன்னால் சண்டை வரும். தண்ணீர் ஏறாததால்தானே குழி தோண்டினார்கள்? எனவே முதலில் தெருவைப் பிரித்து வால்வு போட்டு, மேட்டுத் தெருவுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். அழுத்தம் வந்த பிறகு குழியை மூடச் சொன்னால் கேட்பார்கள். மோட்டாருக்கு மட்டும் தயவு தேவையில்லை: ஒரு முறை அறிவிப்பு, அடுத்த முறை இணைப்புத் துண்டிப்பு. தலைவரின் சொந்தக்காரர் வீட்டில் முதலில் தொடங்கினால் மற்ற வீடுகளில் வேலை சுலபம்.

பரிசோதனையும் மாதிரியும்

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தருவது ஓர் ஏற்பாடு. அந்தப் பெட்டி அலுவலக அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். பாக்டீரியாவுக்கான ஹெச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பி எளிது: கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள்; கறுத்துப்போனால் தண்ணீரில் மலக் கலப்பு இருக்கக்கூடும் என்று பொருள். கறுக்காவிட்டால் அந்தக் குழாயில் அன்றைக்குக் கலப்பு தெரியவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகப் பரிசோதனை, ஆதாரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல், இரண்டு முறை பாக்டீரியா, மழைக்கு முன்னும் பின்னும். நமக்கு வடகிழக்குப் பருவமழை என்பதால் செப்டம்பரிலும் ஜனவரியிலும் வைத்துக்கொள்வது பொருத்தம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். பாக்டீரியா மாதிரிக்கு ஆய்வகமே தரும் கிருமிநீக்கிய பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள்; உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும், அலசிவிடக் கூடாது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். பஸ்ஸில் வெயிலில் மூன்று மணி நேரம் போன மாதிரியின் முடிவை நம்ப முடியாது.

எங்கே எடுப்பது? போரில் ஒன்று, தொட்டியில் ஒன்று, பள்ளி அல்லது அங்கன்வாடியில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று. நாலையும் ஒப்பிட்டால் எங்கே கெடுகிறது என்பது தானே தெரிந்துவிடும்.

முடிவு கெட்டதாக வந்தால்

பாக்டீரியா வந்தால் அன்றே தண்டோராவோ ஒலிபெருக்கியோ வாட்ஸ்அப் குழுவோ, எது உங்கள் ஊரில் எல்லாரையும் எட்டுமோ அதில் சொல்லுங்கள்: நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தகவல் கொடுங்கள். கசிவைத் தேடி அடைத்து, தொட்டியைக் கழுவி, குளோரின் அளவைக் கூட்டி, மறுபடி மாதிரி எடுங்கள். ஒரு நல்ல முடிவு போதாது, தொடர்ந்து இரண்டு வர வேண்டும்; அதுவரை அறிவிப்பைத் திரும்பப் பெறாதீர்கள். மறைத்துவைத்த ஊர்களில் பின்னால் வந்த கலவரம் பெரிது.

ஃபுளோரைடும் நைட்ரேட்டும் வேறு கதை. இவற்றைக் குளோரின் ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் சுண்டி அடர்த்தி இன்னும் கூடும், அதனால் இங்கே "கொதிக்கவைங்க" என்று அறிவிப்பது தவறு. நைட்ரேட் 45-ஐத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். ஃபுளோரைடுக்கு நிரந்தரத் தீர்வு பெரும்பாலும் ஆதாரத்தை மாற்றுவதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஓர் ஊராட்சியால் தனியாக முடியாத காரியம் என்பதால், ஆய்வக முடிவை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எழுத்தில் அனுப்பி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவேடுகள்

மோட்டார் ஓடிய நேரம், குளோரின், தொட்டி கழுவியது, புகார், ஆய்வக முடிவு. ஐந்து நோட்டுகள் போதும். குளோரின் நோட்டில் "போடப்பட்டது" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று எண்களுக்கு இடம் விடுங்கள்: போட்ட கிராம், முதல் தெருவில் மிச்சம், கடைசி வீட்டில் மிச்சம். டிக் போடுவதை விட எண்களைக் கற்பனை செய்து எழுதுவது கடினம். எல்லா நாளும் சரியாக 0.2 என்று இருந்தால் யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரியும். கடைசி வீட்டு எண்ணை அந்த வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுத் தரும்படி செய்த ஓர் ஊரில், இரண்டு வாரத்தில் அந்தம்மாவே குளோரோஸ்கோப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஆபரேட்டர் வராத நாளில் அவரே போன் பண்ணிக் கேட்பார்.

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராம சபை கூடுகிறது. அந்த வருடத்து முடிவுகளை, கெட்டவை உட்பட, ஒரு சார்ட் தாளில் பெரிதாக எழுதி அன்றைக்கு மாட்டுங்கள். கூட்டத்துக்கு யாராவது பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து தலைவரிடம் நீட்டுவார்கள், எதிர்பார்த்தே போங்கள். களப் பரிசோதனைப் பெட்டியை மேசையில் வைத்து, அந்த இடத்திலேயே எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டலாம்.